வேலிமேல் ஆறு

மெரில்: டீ ஆறுது, கிளைவ். குடிச்சிட்டுப் பாரேன்.

கிளைவ்: ஷ்ஷ்... பறவை எண்ணற ஒரு மணி நேரத்துல இன்னும் இருபது நிமிஷந்தான் பாக்கி. எழுது. வேலிமேல சிட்டுக்குருவி ஆறு.

மெரில்: ஆறா? ...ஆமா, ஆறு.

கிளைவ்: முன்னாடி நாலுன்னு எழுதினியே, அதோட கூட்டித் தொலைக்காத.

மெரில்: தெரியும்ப்பா! ஒரே நேரத்துல அதிகமா எத்தனை தெரிஞ்சுதோ அதுதான் கணக்கு. வருஷா வருஷம் ஜனவரி வந்தா தோட்டத்துப் பறவைக் கணக்கெடுப்பு, இதே பாட்டு.

கிளைவ்: அந்த டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபாரம் எங்க?

மெரில்: உன் பக்கத்துலதான். கண்ணு நல்லாத் தெரியுதுன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எழுபது வயசானா எல்லாரும் போடறதுதானே.

கிளைவ்: நம்ம பொண்ணு பெத் என்னைக் குருடன்னு சொல்றாளே.

மெரில்: பெத் கெடக்கா. இத்தனூண்டு குருவிய எண்ணற கண்ணுக்கு ரோடு தெரியாதா?

கிளைவ்: தீனித்தட்டுல ராபின் குருவி. ஒண்ணு.

மெரில்: ஆமாமா. கொழுகொழுன்னு.

கிளைவ்: ஷெட்டு மேல காட்டுப்புறா ரெண்டு.

மெரில்: ரெண்டு... எழுதிட்டேன்.

கிளைவ்: நீயும் பாத்தியா?

மெரில்: பாத்தேன், பாத்தேன். நீ தோட்டத்தைப் பாரு.

கிளைவ்: ஆப்பிள் மரத்துல மரங்கொத்தி.

மெரில்: ...மரங்கொத்தியா?

கிளைவ்: ஏன், தெரியலியா?

மெரில்: தெரியுது, தெரியுது. எழுதறேன்.

கிளைவ்: பேனாவக் கீழ வை, மெரில்.

மெரில்: இன்னும் நேரம் இருக்கே...

கிளைவ்: எனக்கு அந்த வேலியே தெரியல. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு தடவையாவது நீ இல்லைன்னு சொல்லுவேன்னு பாத்தேன்.

மெரில்: அடப்பாவி...

கிளைவ்: பயமா இருக்கு, மெரில். சில நாள் கார் சாவிய எடுத்துட்டுத் திரும்ப வெச்சிடறேன். நானா நிறுத்தத் தைரியம் இல்ல. நீ சொல்லுவேன்னு பாத்தா, மரங்கொத்திக்கும் தலையாட்டற!

மெரில்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பஸ்ஸும் கெடையாது. கார் போச்சுன்னா பேத்திய நான் எப்படிப் பாப்பேன், சொல்லு?

கிளைவ்: அதுக்காக? ...இன்னும் என்னத்த மறைச்சிருக்க?

மெரில்: ஒண்ணுமில்ல.

கிளைவ்: மெரில்...

மெரில்: போன செவ்வாக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கிட்ட... நான் கத்தினேன், நீ பிரேக் போட்ட, மயிரிழையில வண்டி நின்னுச்சு. பூனைன்னு சொன்னேன். பூனை இல்ல, கிளைவ். பச்சைக் கோட்டு போட்ட ஒரு சின்னப் பொண்ணு.