பல் விளக்கும் கை

பல் விளக்கும்போது கை எப்படி ஆடுகிறது என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் சார். எனக்கு அதுதான் பிழைப்பு. வலிப்பு உள்ளவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை எங்கள் கம்பெனி செய்கிறது. கை உதறினால் உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தெரியும். வீட்டாரின் போனில் மணி அடிக்கும். அந்தப் பட்டையின் மென்பொருளுக்கு அடித்தளமான கெர்னலுக்குள் உட்கார்ந்து, சென்சார் சொல்வதை வாங்கி மேலே சொல்கிற டிரைவர் என்ற நிரலை எழுதியவன் நான். அதைச் சோதிப்பதற்காக நாள் முழுக்க வெறுங்கையால் காற்றில் பல் விளக்குவேன். பேஸ்ட் வாங்கித் தரட்டுமா என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

என் அண்ணனுக்கும் வலிப்பு. வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். அவன் விழுவான், வீடே ஓடும். நான் பள்ளியில் பரிசு வாங்க மேடை ஏறியபோது அம்மாவும் அப்பாவும் பாதியிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பெண் பார்த்த இடத்தில், குடும்பத்திலேயே இருக்குமோ என்று இழுத்தார்கள். அதோடு சரி. அவனுக்கு மட்டும் தங்கமாக ஒரு அண்ணி வாய்த்தார். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பட்டையை அவனுக்குத்தான் கட்டினேன். எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. காலைச் சாப்பாட்டில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்தது. அம்மாவும் அண்ணியும் போட்டது போட்டபடி குளியலறைக்கு ஓடினார்கள். அவன் வாய் நிறைய நுரையோடு, கையில் பிரஷ்ஷோடு நின்று சிரித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தவர்கள், நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அண்ணி வேறொன்று கேட்டார். “தம்பி, இது சும்மா சும்மா அடிக்காம பண்ண முடியாதா? ஒவ்வொரு தடவையும் உயிர் போயி உயிர் வருது.”

நியாயமான பேச்சு. பல் விளக்கும் ஆட்டத்தை டிரைவரிலேயே வடிகட்டிவிட்டால் மேலே மணி அடிக்காது. அண்ணனுக்கு வலிப்பு வந்தபோது பட்டை பதிந்துவைத்த பழைய பதிவுகளும் என்னிடம் இருந்தன. நான் எதையும் சரிபார்க்காமல் செய்கிற ஆள் இல்லை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரே வேகம், அச்சு அசல். ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து அடைத்தேன்.

பட்டை அமைதியானது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அண்ணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்வர ஆரம்பித்தார். இவனைத் தனியாக விடுவதா என்று அம்மா தயங்கியபோது, அவன்தான் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

“தம்பி செஞ்சதும்மா. எனக்கென்ன பயம்?”

கிட்டப் போய் அந்தப் பட்டையை நானே சரியாக இறுக்கிக் கட்டிவிட்டேன் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒரு மதியம் அம்மாவும் அண்ணியும் துணிக்கடைக்குப் போயிருந்தார்கள். அவன் கூடத்தில் விழுந்தான். வெகுநேரம் உதறியிருக்கிறான். சென்சாரில் பழுதில்லை, ஒவ்வொரு உதறலையும் விடாமல் சொல்லியிருக்கிறது. நடுவில் நான் எழுதியது இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “இனிமே எனக்கு நீ மட்டும்தான்டா” என்று அழுதாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தவறு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பொய் மணியை நிறுத்தப் போய் நேர்ந்த தவறு. இந்த வடிகட்டியை எல்லாப் பட்டைகளிலும் போட்டுவிடலாமே என்று அப்போதே எங்கள் மேலாளர் கேட்டார். நான்தான் ஒரேயடியாக மறுத்து, அண்ணனுடைய பட்டையில் மட்டும் அதை விட்டுவைத்தேன். முன்பின் தெரியாதவர்களின் உயிரோடு விளையாட முடியுமா சார்?