பசு இல்லாத கொட்டிலின் நீலச் சுடர்

தலைமை ஏற்றிருக்கும் சகோதரி ராஜகுமாரி அவர்களே, பந்தலூர்ப் பனியைப் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே, கொழுந்து கிள்ளிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே!

நம் நாட்டுக் கால்நடைச் சாணத்திலிருந்து எவ்வளவு எரிவாயு கிடைக்கும் என்று மதிப்பிடும் குழுவில் நானும் ஒருவன். மாடுகளை எண்ணுவோம், மாட்டுக்கு இவ்வளவு சாணம் என்று பெருக்குவோம். இவ்வூர் மாரியாயி அம்மையாரின் இரு பசுக்களையும் புலி கொன்றதும், அவர் வீட்டுக்குப் பூஜ்யம் போட்டோம்.

அவருடைய சாண எரிவாயு அடுப்பு அணைந்ததா? இல்லை! சாணம் கரைத்து ஊற்றும் கலனில் மிஞ்சிய வாயு தீரும் காலம் போயிற்று; அணையவில்லை. மாதங்கள் போயின, அணையவில்லை. கட்டுத்தறி வெறிச்சோடிக் கிடக்க, நீலச் சுடர் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"செத்த மாடு சாணி போடுது" என்று தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பேச்சு எழுந்தது. பேய் புகுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கலனை உடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முன்வரிசையில் என்ன சிரிப்பு, பாலன்? "பேய்க்கு வயிறே இல்லீங்களே, சாணி எப்படிங்க?" என்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் அம்மையார் வீட்டுக்குப் போனேன்.

அந்தி சாய்ந்தது. அம்மையார் என்னை வீட்டுக்குள் இழுத்தார்.

"மூச்சுக் காட்டாதீங்க ஐயா. அவங்க வர்ற நேரம்."

யார்? காலடி ஓசையில்லை, கழுத்து மணியில்லை. பனிக்குள் வெள்ளைக் கால்கள் மட்டும் நடந்து வந்தன. உடல்கள் பிறகுதான் வந்தன. காட்டெருமைகள்! பசுக்களுக்கு வைத்த உப்பு ஊறிக் கிடந்த மண்ணை நக்கின, நின்றன, சாணமிட்டன, சென்றன. விடிந்ததும் அதைத்தான் அவர் அள்ளிக் கரைத்து ஊற்றுகிறார்.

"ஏனம்மா யாரிடமும் சொல்லவில்லை?"

"சொன்னேங்க ஐயா. யாரு கேட்டா? பனி எறங்குனா எல்லாரும் கதவ அடைச்சிக்கிறாங்க."

ஒன்று மட்டும் போகவில்லை. இறந்த பசு செம்பியின் தறியருகே நின்றது. அம்மையார் மெல்ல, "செம்பி" என்றார். அது திரும்பிப் பார்த்தது. அது ஏன் திரும்பியது என்பதை உங்களிடமே விடுகிறேன், சபையோரே.

ஆனால் சுடர் ஏன் அணையவில்லை என்பதற்கு விடை உண்டு. மாடு நிறைந்த ஊரிலும் அள்ளும் கை இல்லையேல் வாயு ஏது? மாடற்ற கொட்டிலில் அந்தக் கை இருந்தது, சுடர் இருந்தது. நாட்டின் வளத்தை அளக்க வந்த நாங்கள் மாட்டை எண்ணினோம், கையை எண்ணவில்லை! கலனை உடைத்தால் பேயா வருந்தும்? புலி உலவும் காட்டுக்குள் விறகுக்குப் போவது மாரியாயி அல்லவா?

சற்றுமுன் நீங்கள் அருந்திய தேநீர் அந்த அடுப்பில் கொதித்ததுதான். கோப்பையைக் கீழே வைக்காதீர்கள். சூடு இன்னும் கையில் இருக்கிறதா? கலன் இருக்கட்டும் என்போர், அந்தக் கையை உயர்த்துங்கள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன்... இத்தனை கைகளா! போதும், போதும், கலன் இருக்கும். நெஞ்சார்ந்த நன்றி, எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைத் தம்பி, அந்தக் கதவைச் சற்றுப் பொறுத்துத் திறவுங்கள். வெளியே பனி இறங்கிவிட்டது. அவங்க வர்ற நேரம்.