பாஸ்வேர்டைச் சுவரில் எழுதிய தெருவைக் காத்த பிரகதாம்பாள் அம்மையாருக்கு

புதுச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்த புண்ணியவதியே! கணினிக் குற்றமென்றால் கணினியைத் திருடுவது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே கண் விழித்திருந்த காவல் ஆய்வாளர் பிரகதாம்பாள் அம்மையாரே! வணக்கம்.

இன்று ஓய்வுபெறும் தங்கள் முப்பத்தைந்தாண்டுப் பணியைப் பட்டியலிட்டால் பந்தியில் சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே ஒன்றே ஒன்று.

ஆண்டு 2004. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தெரு. ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில். சேக் தாவூதின் பிரவுசிங் சென்டரில் அந்தத் தெருவுக்கே ஒரே ஈமெயில் முகவரி. திறந்தது மெஹராஜ் பேகத்தின் மகன் ஃபாஜில் பெயரில். பாஸ்வேர்டோ, எல்லாருக்கும் வசதியாகச் சுவர்க் காலண்டரில்! ஒருநாள் அந்த முகவரியிலிருந்து, அரசுக் கணினிகளை முடக்கிவிடுவோம் என்று டெல்லிக்கு மிரட்டல் போனது. ஃபாஜிலின் பாஸ்போர்ட்டைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. துபாய் விசா முடியப் பதினைந்தே நாள் இருந்தது.

மெஹராஜ் பேகம் காவல் நிலைய வாசலில் நின்றார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்தது.

"பையனை அரெஸ்ட் காட்டிடுங்கம்மா" என்றார் அன்றைய ஆய்வாளர்.

"முடியாதுங்க சார். இந்தப் புது ஐ.டி. சட்டத்துல டிஎஸ்பிக்குக் கீழ யாரும் விசாரிக்கக் கூடாது. எனக்கும் அதிகாரம் இல்லீங்க, உங்களுக்கும் இல்லீங்க."

அடேயப்பா! அன்று சார்பு ஆய்வாளராக இருந்த தாங்கள் மேலதிகாரியிடம் பேசிய பேச்சா இது! வாசலில் நின்ற மெஹராஜ் பேகம், "யா அல்லாஹ்! யாருங்க இந்தம்மா?" என்று பாராக் காவலரிடம் கேட்டார்.

இணைய இணைப்புக் கேட்டுத் தாங்கள் ஆறுமுறை எழுத, ஆறுமுறையும் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்றே பதில் வந்திருந்த நேரம் அது. அசந்தீர்களா? பஸ் ஏறித் தஞ்சாவூர் சென்று, டிஎஸ்பியிடம் சட்டப் பிரிவைக் காட்டி, மின்னஞ்சல் நிறுவனத்துக்கு அவர் கையெழுத்திலேயே கடிதம் போகச் செய்தீர்கள். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. மிரட்டல் புறப்பட்டது சென்னையிலிருந்து, வெள்ளிக்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு. அந்நேரம் ஜும்ஆவுக்காகச் சென்டரின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஃபாஜில் ஊரார் நடுவில் தொழுதுகொண்டிருந்தான். காலண்டரைப் பார்த்துப் போன எவனோ செய்த வேலை, அவனும் பிடிபட்டான். பாஸ்போர்ட் கைக்கு வந்தது, பிள்ளை விமானம் ஏறினான்.

இன்று ஆய்வாளரே விசாரிக்கலாம் என்று சட்டம் திருந்திவிட்டது. நம் கணினிக் குற்றப் பிரிவுக்குத் தனி அறையும் நிதியும் உண்டு. நாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகூடத் தாங்கள் எழுதி எழுதி வாங்கியது. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நோய் அண்டாமல், நிம்மதி குன்றாமல், பேரன் பேத்திகளின் பாஸ்வேர்டுகளையும் கண்காணித்தபடி நெடுங்காலம் வாழ்க!

முடிக்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். அன்று "முடியாதுங்க சார்" என்றதற்காகத் தங்கள் பதவி உயர்வு நான்காண்டு தள்ளிப்போனது. அதை மெஹராஜ் பேகத்திடம் மூச்சுவிடக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளையிட்டிருந்தீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் இதை இப்போதுதான் கேட்கிறார். மன்னியுங்கள் அம்மா. இத்தனை ஆண்டில் தங்கள் உத்தரவை நாங்கள் மீறியது இந்த ஒருமுறைதான்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
கணினிக் குற்றப் பிரிவுப் பணியாளர்கள்