டிரம்ஸ்காரியின் ஸ்பீக்கர் பெட்டி

செமிலிங் ஊர்ப் பலகைக் கடையில் பிளைவுட் அறுக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அறுக்கும் அண்ணனிடம் சொன்னாள்:

“ஸ்பீக்கர் பெட்டிண்ணே. என் எடையைத் தாங்கணும்.”

அவர் மெஷினையே நிறுத்திவிட்டார்.

“ஸ்பீக்கர் மேல ஏறி ஆடப் போறியாம்மா?”

“குந்தப் போறேன். பேண்டுல டிரம்ஸ் அடிக்கிறேன்ணே. மேடையில நான் கால்ல மிதிக்கிற கிக் டிரம் சத்தம் எனக்கே கேக்காது. அதுக்குன்னு ஒரு சப்வூஃபர் வாங்கிப் பக்கத்துல வெச்சேன். ஒவ்வொரு கல்யாணத்துலயும், பாடுறவருக்கு வேணும்னு தூக்கிட்டுப் போயிடுறாங்க.”

“நீ கேக்கலையா?”

“கேட்டேனே. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தனி ஸ்பீக்கர்னாங்க.”

அவர் அவள் கொடுத்த அளவைப் பார்த்தார். “இவ்வளவு சின்னப் பெட்டியில பெரிய சத்தம் வராதும்மா.”

“என் ஸ்டூல் உயரம்தான்ணே இருக்கணும். மோட்டார் சைக்கிள்ல முன்னால வெச்சு ஓட்டிட்டுப் போவணும். காதுல கேக்க வேணாம், இடுப்புல அதிர்ந்தா போதும்.”

“அப்ப உள்ள குறுக்குக் கட்டை கொடுக்கணும். இல்லாட்டி மேல்பலகை வளைஞ்சிடும்.”

“கொடுங்கண்ணே.”

“சரி, ஸ்டூல்ல குந்திக்க, பெட்டியைக் குடுன்னு கேட்டா?”

“ஸ்டூல் கொண்டு போனாத்தானே லா! வீட்டுலயே வெச்சிடுவேன். இனி பெட்டி வேணும்னா, என்னையும் சேத்துத் தூக்கட்டும்.”

அவர் மறுபடி மெஷினைப் போட்டார். ஒன்றுக்குப் பதில் இரண்டு குறுக்குக் கட்டைகள் அறுத்தார்.