வீட்டுக்கு வந்த எழுத்து

எனக்குச் சிறு வயதிலிருந்தே கையெழுத்து நன்றாக வரும். புதுச்சேரியிலிருந்து வந்து, பாரிசுக்கு வெளியே ஒரு நகராட்சியில் முப்பத்தோரு வருடம் நான் வேலை பார்த்ததே அதை வைத்துத்தான். நகராட்சி அலுவலகத்தை நாங்கள் மெரி என்போம். பிறப்பு, இறப்பு, திருமணம் எதுவானாலும் இந்த ராதாகிருஷ்ணன் மேசையைத் தாண்டித்தான் போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் மேயரோ துணை மேயரோ மூவர்ணப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மெரியில், கதவைத் திறந்துவைத்து நடத்தினால்தான் திருமணம் செல்லும். ஆட்சேபம் உள்ளவர் உள்ளே வர முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் திறந்த கதவு. தாள்களைத் தயாரித்தது நான். பட்டியைப் போட்டு வாசித்தவர்கள் வேறு ஆட்கள். நம் பெயர்களை அவர்கள் கடித்துத் துப்புவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் ஓய்வுபெற்று, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் குடியிருந்தபோது, அங்கே ரூ காய் தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் வாமதேவன் என்னைத் தேடி வந்தார். அவர் மகன் கஜனைக் கட்டிக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து சுபாங்கி என்ற பெண் வந்திருந்தாள். கஜனுக்கோ ஸ்டெஃபானி என்ற பிரெஞ்சுக்காரியோடு நடந்த திருமணம் சட்டப்படி இன்னும் முறியவில்லை. மெரிக்குப் போனால் முதல் நாளே குட்டு உடைந்துவிடும்.

"எழுத்து முடியாமல் தாலி கட்ட விடமாட்டன் எண்டு பொம்பிளையின்ரை தேப்பன் நிக்கிறார், ஐயா. நீங்கள் ஒருக்கா வந்து எழுதிவிடுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

எழுத்து என்றால் அவர்களுக்குத் திருமணப் பதிவு. அவர்கள் ஊரில் பதிவாளரே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதிவிட்டுப் போவாராம். அதனால் லெ பிளாங்-மெனிலில் அவர்கள் வீட்டுக்குள் நான் பட்டியோடு நுழைந்தபோது சுபாங்கிக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன். குளிர் என்று காரணம் சொன்னதாக ஞாபகம்.

சட்டப் பிரிவுகளை வாசித்தேன், தமிழிலும் விளக்கினேன். அவள் பெயரைப் பிசகாமல் சொன்னேன். "ஓம்" என்றாள். நான் தயாரித்த குடும்பப் பதிவுப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பத்தோரு வருடத்தில் என் எழுத்துக்கு யாரும் அந்த மரியாதை கொடுத்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, இந்த மார்ச் மாதம் ஒரு பிற்பகலில் யாரோ என் வீட்டுக் கதவை மெல்ல இரண்டு தடவை தட்டினார்கள். சுபாங்கி. கழுத்தில் விரல் தடங்கள். கையில் அந்தப் புத்தகம்.

"கதவைப் பூட்டுங்கோ ஐயா. அவர் என்னைக் கொலை செய்துபோடுவார். எனக்குப் பயமாக்கிடக்கு."

பூட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். பாதி கீழே சிந்திற்று. ஒபர்வில்லியேயில் பெண்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அவளிடம் திருமணப் பதிவின் பிரதி கேட்டிருந்தது.

"எந்த மெரியிலை கேக்கிறது எண்டு தெரியேல்லை. நீங்கள்தானே எழுதினனீங்கள், அதுதான் வந்தனான். நாளைக்குக் குடுக்கவேணும்."

எனக்கும் பயம் வந்தது, மறைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் மெத்ரோ ரயில் போன சத்தத்துக்கே எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எந்த மெரியில் அந்தப் புத்தகத்தை நீட்டினாலும், என்னைப் போன்ற ஒருவர் அது போலி என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

"இரும்மா, எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளறைக்குப் போய் வாமதேவனுக்கு ஃபோன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் அப்பாவும் மகனும் வந்தார்கள். கதவைத் திறந்தது நான்தான். அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டாள்.

"ஐயா, நீங்கள் அரசாங்க ஆள். நீங்கள் சொன்னால் விடுவினம். சொல்லுங்கோ ஐயா."

கஜன் உன் கணவன் இல்லை, உன்னைக் கூட்டிப்போக அவனுக்கு உரிமை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வாசலில் அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். சின்ன விரல்கள், சில்லென்றிருந்தன. "புருஷனோட போம்மா" என்றேன். புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அதைச் சமையலறைத் தொட்டியில் போட்டு எரித்தேன்.

அன்று மாலையே லெ பிளாங்-மெனில் வீட்டில் அவள் இறந்துபோனாள். படியில் தவறி விழுந்தாள் என்று கஜன் சொல்கிறான். கழுத்துத் தடங்களைப் பார்த்தவன் நான். அதை நம்பவில்லை.

அதிலிருந்து யாராவது மெல்லத் தட்டினால் எனக்கு வியர்க்கிறது. போலீஸ்காரர்கள் நீங்கள் பலமாகத் தட்டினீர்கள், அதற்கு நன்றி.

எனக்கில்லாத பதவியில் நின்றேன், போலிப் பதிவு எழுதினேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பட்டி போட எனக்கு அதிகாரம் கிடையாது, அந்த எழுத்து செல்லவே செல்லாது. ஆனால் அவள் சாவை என் தலையில் கட்டாதீர்கள். முன்பின் தெரியாத யாரிடமும் நான் அவளைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவள் கணவனிடம்தான் ஒப்படைத்தேன்.