அந்தச் சுனைக்கு என்ன பேரு

சொல்றேன் தாயி, சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? வண்டி வர இன்னும் நேரம் கெடக்கு. அடிவாரத்துல தூசி கெளம்பினா இங்க இருந்தே தெரிஞ்சிரும். அதுக்குள்ள மொதக் கிளாஸ் டீயக் குடிங்க. கசக்கும், மொதக் கிளாஸ் அப்படித்தான். மூணாவது குடிக்காம எந்திரிச்சீங்கன்னா அப்புறம் எங்கிட்ட ஒரு பேரும் வாங்க முடியாது, பாத்துக்கங்க.

இந்தப் பாலைவனத்து மலையில ஒரு பள்ளம் விடாம, ஒரு கல்லு விடாம எல்லாத்துக்கும் பேரு கேட்டு வாங்கிட்டீங்க. மிச்சம் அந்தச் சுனை ஒண்ணுதான். தெரியும், தெரியும். நீங்க வரையிற மலைப் படத்துல அந்த எடம் மட்டும் பேரில்லாம வெறுமனே கெடக்கு, ஆபீஸ்ல திட்டுவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டுமே.

என்னது? பிஸ்கா என்ன சொன்னான்? குளியல் தொட்டியா?

டூரிஸ்டுகளக் கூட்டிட்டு வர்றானே, அந்த வழிகாட்டிப் பயதானே? அவன் அப்பன் அந்தத் தண்ணியக் குடிச்சு உசுரு பொழச்சவன் தாயி. எவளோ ஒருத்தி செருப்போட எறங்கிக் குளிச்சாளாம், அதுக்காக அது குளியல் தொட்டியா? அதப் போட்றாதீங்க. அச்சுல ஏறிட்டா அப்புறம் அதான் பேரு. பட்டாளத்துக்காரன், டூரிஸ்டு, நாளைக்குப் பொறக்கப்போற புள்ள, அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்லும். கோவமா? எனக்கு எதுக்குக் கோவம்? நீங்க டீயக் குடிங்க.

கொல்லன் பொண்டாட்டி கெல்லா வேற பேரு சொன்னாளா... இருங்க, இருங்க. அத இப்பச் சொல்லாதீங்க. சொல்லுவா, அவ சொல்லக்கூடியவதான். கொல்லமாருங்க வாய்க்குக் கதவு கெடையாது. நாங்க சொல்லக் கூசுற எதையும் அவங்க போட்டு ஒடச்சிருவாங்க. பொண்ணு கேக்கப் போறதும் அவங்கதான், சண்டைய மூட்டுறதும் அவங்கதான், தீத்து வைக்கிறதும் அவங்கதான். நேத்துக் கெணத்தடியில உங்க ரெண்டு பேரையும் பாத்தேன். நான் வந்ததும் பேச்சு நின்னு போச்சு. எனக்குத் தெரியாதா என்ன? சரி, அது உங்க வாய்க்குள்ளயே இருக்கட்டும். ரெண்டாவது கிளாஸ் ஊத்துறேன்.

அந்தா, அந்தச் சரிவு. மாவு கொட்டின மேடு. ஏன் அந்தப் பேருன்னு கேட்டீங்க, நான் பேச்ச மாத்திட்டேன். கொட்டினது வேற யாரு, நான்தான். கல்யாணம் ஆன புதுசு. ஒட்டகத்து மேல மூட்டையக் கட்டுற லட்சணத்தப் பாருன்னு எம் பொண்டாட்டி சொன்னா. நீ பேசாம வான்னு நான் சொன்னேன். பாதிச் சரிவுல அவுந்து, கம்பு மாவு பூராம் காத்தோட போச்சு. அவ திட்டவே இல்ல தாயி. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். மறுநா கூடாரத்துக்கு யார் யாரு வந்தாலும், மாவு கொட்டின மேடு இருக்குல்ல, அங்கிட்டுத்தான் ஆடு மேயுதுன்னு சொன்னா. அம்புட்டுதான். ஊரே புடிச்சுக்கிச்சு. இனி இந்த மலை நிக்கிற வரைக்கும் என் மாவும் நிக்கும். இப்ப உங்க படத்துலயும் ஏத்திட்டீங்க.

முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற அந்த ரெண்டு சிகரம், பேசாத நாத்தனாருங்க, அதும் அவ வச்சதுதான். ஒண்ணு அவளாம், ஒண்ணு எங்க அக்காவாம். எது எங்க அக்கான்னு கேட்டா, மூக்கு நீளமா இருக்குறதுன்னுவா. நல்லாச் சிரிங்க. எங்க அக்கா சிரிக்கல.

சுனையா? அங்கதானே வந்துக்கிட்டு இருக்கேன்.

ஒரு வருசம் மழ சுத்தமாப் பொய்ச்சிருச்சு. பாதி ஆடு போச்சு. எங்க கழுத ஒண்ணு கயித்த அறுத்துட்டு மேல ஏறிருச்சு. விட்டுத் தொல, இந்த வெயில்ல நீயும் செத்துப்போவன்னு நான் கத்துறேன். அவ கழுதையோட பாட்டன் பூட்டனையெல்லாம் திட்டிக்கிட்டே ஏறிட்டா. திட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கும் தெம்பு இருந்துச்சு. அப்புறம் சத்தம் நின்னு போச்சு. பின்னாடி போகக் காலு வரல, அப்படியே மணல்ல உக்காந்துட்டேன். பொழுது எறங்குற நேரம், மூஞ்சியில சப்புன்னு ஒண்ணு வந்து விழுந்துச்சு. அவ தலத்துணி தாயி. சொட்டச் சொட்ட ஈரம். நான் அத வாயில வச்சு உறிஞ்சுறேன், அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு சிரிக்கிறா. கழுதைக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையேங்கிறா.

அந்தத் தண்ணியிலதான் அந்த வருசம் எங்க ஆளுங்க பூராம் பொழச்சது. அவளுக்கு மொற மாப்ளைங்க சும்மா இருப்பாய்ங்களா? அவ பேரையே தூக்கி அதுக்கு வச்சுட்டாய்ங்க. எதுக்க வர்றவன் என்னப் பாத்துக் கண்ணடிப்பான். இப்பத்தான்யா உன் பொண்டாட்டிகிட்டப் போய் வயிறு நெறையக் குடிச்சிட்டு வர்றேன், என்னா குளிர்ச்சின்னுவான். நான் கல்ல எடுப்பேன், அவன் ஓடுவான். பொழுதன்னைக்கும் அந்தப் பேரு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்.

இருமல்தான். குளிர்காலத்துல வந்த இருமல். வெயில் திரும்புனா சரியாயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

எங்க துவாரெக் ஆளுங்க வழக்கத்துல கூடாரம் பொம்பளையோடது. அவ கொண்டாந்தது, அவளோட போயிரும். என் கொழுந்தியா வந்து கழட்டி மடிச்சுக் கழுதை மேல ஏத்துனா. பாவம், அழுதுக்கிட்டேதான் கழட்டுனா. சாவு விழுந்த எடத்துல நாங்க தங்க மாட்டோம், அதனால மத்தவங்களும் கெளம்பிட்டாய்ங்க. தமன்ராசெட் டவுனுக்கே போயிட்டாய்ங்க பாதிப் பேரு, எம் மகளும்தான். நீயும் வாப்பான்னா. ஆடுகளுக்குத் தண்ணி இங்கதானம்மா பக்கம்னேன். ஆட்டுக்காகத்தான் இருக்கேன்னு அவளும் நம்பிட்டுப் போனா. இந்தப் பாறைக்கடியில கெடக்கேன். தனியாத்தான் தாயி இருக்கேன், இல்லன்னு சொல்லுவானேன்? ஆட்டுகிட்ட எம்புட்டு நேரந்தான் பேசுறது?

இந்தாங்க, மூணாவது. இது இனிக்கும். அந்தா, தூசி. உங்க வண்டிதான். பதறாதீங்க, தூரத்துலதான் வருது.

செத்தவங்க பேர நாங்க சொல்றதில்ல. கூப்புட்டா, போயிக்கிட்டு இருக்குறவங்க பாதி வழியில நின்னு திரும்பிப் பாப்பாங்களாம். நிம்மதியாப் போக மாட்டாங்களாம். அதனால புருசன் சொல்லக் கூடாது, மக சொல்லக் கூடாது, எங்க காது கேக்க மத்தவங்களும் சொல்லக் கூடாது. மக வந்தா, அங்க போயிட்டு வர்றேன்ப்பான்னு கையத்தான் காட்டுவா. அவ போனதுல இருந்து அந்தப் பேரு என் காதுல விழவே இல்ல தாயி. மனசுக்குள்ளயாவது சொல்லிப் பாக்கலாம்னா அதுக்கும் பயம். யாரும் சொல்லாம கெடந்ததாலதான் பிஸ்காவுக்கு அது குளியல் தொட்டியாப் போச்சு.

நீங்க கடலோரத்து ஊர்க்காரவுக. அவளுக்கு நீங்க யாரோ. நீங்க சொன்னாத் தப்பில்ல. கெல்லா சொன்னதுதான் சரியான பேரு, அதையே போடுங்க. போடுறதுக்கு முன்னாடி, சரியா வாங்கியிருக்கீங்களான்னு நான் பாக்கணும்ல? ஒரு தரம் வாயத் தொறந்து சொல்லுங்க.

ம்.

இல்ல, இல்ல, அடுப்புப் புகை. முகத்துணிய ஏத்திக்கிட்டாச் சரியாயிரும். கடைசியில கொஞ்சம் இழுக்குறீங்க, உங்க ஊர்ப் பேச்சு. பரவால்ல. இன்னொரு தரம்.

ம். அதான். அதான் அவ பேரு.

தாயி, வண்டி வந்து நிக்கிறதுக்குள்ள ஒரே ஒரு தரம். கொஞ்சம் சத்தமா. என்னப் பாத்து வேணாம், அந்தச் சுனைப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.