இந்த ஆப் எத்தனை நாளைக்கு?

— நான் பேசுவது உன் போனில் எழுத்தாக வருகிறதா, செல்வி?

— வருது. ஆனா இப்படி டிவி நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசாதீங்க ராஜபாண்டி. டீக்கடை அண்ணாச்சி ஒரு மாதிரியா பாக்காரு.

— என்ன செய்வது? நம் ஊர்ப் பேச்சு அந்த ஆப்புக்குப் புரியவில்லையே. நேற்று "அக்கா வாரா" என்றேன். "அக்கா வாரம்" என்று எழுதிவிட்டது.

— நெசமாவே வாராங்களா?

— ஆம். ஞாயிற்றுக்கிழமை, சாகுபுரத்திலிருந்து. அத்தானும் வருகிறார். உன்னைப் பெண் பார்க்க.

— வர வேண்டாம்னு சொல்லிருங்க.

— ஏன்?

— அவங்க கேட்டது சரிதான? "காது கேக்காத பிள்ள. நீ பேசுனா போன்ல வாசிக்கணும். இந்த ஏஐ கூத்து ரெண்டு வருஷத்துல அடங்கிட்டுன்னா எப்படிலே குடும்பம் நடத்துவ?" நீங்கதான வந்து சொன்னீங்க.

— அக்கா சும்மா சொன்னாள்.

— சும்மா இல்ல. நம்ம ஆபீஸ்ல பிளாக்செயின் வந்தது மறந்துட்டா? இனிமே சரக்குக்குப் பேப்பரே கிடையாதுன்னு முதலாளி கேக் வெட்டுனாரு. எல்லாருக்கும் டிரெய்னிங். இப்ப அதோட பாஸ்வேர்டாவது யாருக்கும் தெரியுமா? இன்னைக்கும் நான்தான் பிரிண்ட் எடுத்து உங்க கையில தாரேன், நீங்க ஹார்பர் கேட்டுல கொண்டு காட்டுதீங்க.

— அது வேறு, இது வேறு.

— அன்னைக்கும் இதத்தான் சொன்னாங்க. ப்ளஸ் டூல காய்ச்சல் வந்து எனக்குக் காது போச்சுல்லா, அப்ப அம்மா பக்கம் பக்கமா எழுதிக் காட்டுவா. தெருச்சண்டை, சீரியல் கதை, எல்லாம். இப்ப "சாப்பிடு", "கதவச் சாத்து". அவ்வளவுதான். அலுத்துப்போச்சு, பாவம். இந்த ஆப் வந்த பொறவுதான் ஒருத்தர் வெட்டிப்பேச்சு பேசி நான் கேட்டேன். அது நின்னுட்டா நீங்களும் எழுதுவீங்க. முதல்ல பக்கம் பக்கமா.

— ஏளா, நிறுத்து. அது நிக்குமா நிக்காதான்னு சொல்ல நான் என்ன அந்தக் கம்பெனி மேனேஜரா? நிக்கலாம். நாளைக்கே கடைய மூடிட்டும் போவான். போட்டும்.

— பொறவு?

— பொறவு கையக் காட்டிப் பேசப் படிப்போம். திருநெல்வேலில சொல்லித் தாராங்களாம், விசாரிச்சிட்டேன். என் மண்டையில ஏற நாளாகும், கேட்டியா. அதுவரைக்கும் சண்ட வந்தா நீதான் ஜெயிப்ப.

— ராஜபாண்டி...

— இரு, முடிச்சிக்கிடுதேன். ஆப்பு இருந்தாலும் போனாலும் எனக்கு இவதான்னு நேத்து அக்காட்ட சொல்லிட்டேன். அவ அழுதா. பொறவு மூக்கச் சிந்திட்டு, "அந்தப் பிள்ளைக்கு மஸ்கோத்து அல்வா பிடிக்குமா, லட்டு பிடிக்குமா"ன்னு கேக்கா.

— மஸ்கோத்து.

— என்ன?

— மஸ்கோத்துதான் பிடிக்கும்னு சொல்லுங்க. வரச் சொல்லுங்க. இங்கன, இதயும் பாருங்க.

— என்னது, போனு கருப்பா கெடக்கு?

— சார்ஜ் தீந்து அணைஞ்சிட்டு. எப்ப அணைஞ்சுதுன்னு எனக்கே தெரியல. நீங்க "ஏளா"ன்னதுலேர்ந்து உங்க உதட்ட விட்டு நான் கண்ணையே எடுக்கல.